சிறுத்தைக்கு முன்னால் சொன்ன பேர்

ஏப்ரல் 7, திங்கள்

மறுபடியும் இடுப்பு வலி. வெயில் ஏறுமுன் மல்லியைப் பறித்து அனுப்பாவிட்டால் திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் சீந்த ஆளில்லை. இதில் சிறுத்தை வேறு. நேற்று ஓடையோரம் பக்கத்துத் தோட்டத்து அழகுராஜாவின் ஆட்டை அடித்துவிட்டது.

வனக்காவலர் மஹ்ஜபீன், சின்னப் பெண், தோட்டம் தோட்டமாக வந்து சொல்லிவிட்டுப் போனது. "பாத்தா ஓடிராதீங்கக்கா. முதுகு காட்டாதீங்க. குனிஞ்சா அதுக்கு ஆடு மாதிரி தெரியும். நிமிந்து நின்னு, கையத் தூக்கிச் சத்தம் போடுங்க. அதப் பாத்துக்கிட்டே பைய பின்னால வாங்க."

குனியாமல் பூப்பறிக்க எந்த ஊரில் சொல்லித் தருகிறார்களாம்?

போன் நம்பரோடு வீட்டுக்காரர் பேரையும் கேட்டது. சிறுமலைப் பக்கம் கை காட்டினேன். "அதான் பின்பாதி. முன்பாதி, மரம் அடர்ந்து கெடக்குமே..." செத்த நேரம் முழித்துவிட்டு, "சோலைமலையா?" என்று சிரித்தது. மகளைக் கட்டிக்கொடுத்த பிறகும் இந்தப் பேரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. இங்கே எழுதியதுகூட அந்தப் பெண் சொன்னதால்தான்.

ஏப்ரல் 9

தூக்கமில்லை. பூப்பறித்தேன்.

ஏப்ரல் 12, சனி

எழுத்து கோணுகிறது.

விடியும் நேரம். அவர் வரப்போரம் குத்தவைத்து, சொட்டுநீர்க் குழாய் அடைப்பைக் குடைந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், கோரைப்புல்லுக்குள், அது. பதுங்கி, அவர் முதுகையே பார்த்துக்கொண்டு.

"ஏங்க" என்று கத்தினேன். பக்கத்துத் தோட்டத்திலிருந்து அழகுராஜா, "என்னா மதினி?" என்கிறான். ஊரில் எல்லாப் பெண்டாட்டிக்கும் புருஷன் 'ஏங்க'தானே. இவருக்கோ அதைக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துவிட்டது. "இரு, வாரேன்" என்றார், குனிந்தபடியே.

நான் என்னதான் செய்ய?

"சோலமல! எந்திரி!"

தேள் கொட்டியதுபோல் எழுந்தார். திரும்பினார், பார்த்துவிட்டார். கால் ஓடப் பார்த்தது. "ஓடாத. அதப் பாத்துக்கிட்டே பின்னால வா." பூப்போட்டிருந்த மடித்துணியை இடுப்பிலிருந்து அவிழ்த்துத் தலைக்கு மேலே விரித்துப் பிடித்துக்கொண்டு, அந்தப் பேரையே கத்திக்கொண்டிருந்தேன். அவர் அடிமேல் அடி வைத்து என்னிடம் வந்து சேர்ந்தார். அது செத்த நேரம் பார்த்தது. பிறகு ஓடைப்பக்கம் போய்விட்டது. பறித்த பூவெல்லாம் மண்ணில்.

வீடு வந்ததும் அவர் திண்ணையில் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். கோபமா? வா போ என்று வேறு சொல்லிவிட்டேன். இருக்கட்டும். உசுரோட கோவிச்சுக்கிட்டா போதும் எனக்கு.

ஏப்ரல் 20

இப்போது கூட்டமாகத்தான் தோட்டத்துக்குப் போகிறோம். வலி அப்படியேதான் இருக்கிறது.

கஞ்சி ஆறுகிறதென்று "ஏங்க" என்றேன். நிமிரவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். ம்ஹும். உதட்டில் மட்டும் சிரிப்பு. இருக்கிற அசதியில் இந்த மனுசனோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை.

"சோலமல."

"வாரேன்" என்று உடனே எழுந்து வந்தார்.