மூன்றாம் சரணத்து வாத்து

நவம்பர் 4, செவ்வாய்
விடியற்காலையிலிருந்து மழை. முழங்கால் பரவாயில்லை.

டென்மார்க்கில் இந்தப் பிராண்டே ஊர்த் தமிழர் சொல்லித் திரிவது பிழை. நான் ஜெர்மன்காரருடன் சேர்ந்து பாடவில்லை. அவருடைய தாளத்தைத் திருத்தினேன். இரண்டும் ஒன்றல்ல.

பக்கத்து வீட்டு ஒட்டோ. முன்பு டிராக்டர் திருத்தியவர். இப்போது தன் கிராமத்து ஜெர்மனில் பாட்டுக் கட்டுகிறார், மெட்டும் அவருடையதே. அந்தப் பேச்சு மற்ற ஜெர்மன்காரருக்கே விளங்காதாம். அக்கோர்டியன் வாசிக்கும்போது தாளத்தின் மூன்றாம் தட்டில் வேகம் குறைந்து படுத்துவிடுகிறார். நான் படித்த கன்னியர் மடத்தில் அப்படிப் பாடினால் சிஸ்டரின் அடிமட்டக் கோல் விரலில் விழும். தாளம் தட்டிக் காட்டினேன், கொஞ்சம் சத்தமாக. எதிர்வீட்டு ராணி யன்னலில் நின்றாள். அவ்வளவுதான் நடந்தது.

வாங்க: இஞ்சி, பல்ப், முட்டை.

நவம்பர் 6, வியாழன்
வெயில் போல ஏதோ.

ஞாயிறு எனக்கு எழுபத்தைந்து. பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் கோப்பி. இந்த நாட்டு வழக்கம்: பிறந்தநாள்காரர்மேல் பாட்டு எழுதி, தாளில் எல்லோருக்கும் கொடுத்து, அவர் முகத்துக்கு நேரே பாடுவது. எனக்கு எழுதியவர் ஒட்டோ, இன்றே தாளைக் கொண்டுவந்து காட்டினார். கீழே டேனிஷ் மொழிபெயர்ப்பு. மூன்றாம் சரணத்தில் நான் வாத்து. கோயில் வாசலில் குஞ்சுகளை எண்ணுகிறேன். பிந்தி வருபவர்களைக் கொத்துகிறேன். கழுவிய கோப்பைகளை மறுபடி கழுவுகிறேன்.

மகள் ஜெனி வாசித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். சிரிப்பில்.

“அம்மா, பகிடிக்குத்தானே எழுதினவர்.”

“நான் பகிடி கேட்டனானே?”

“போன கிழமையும் என்னைக் கொத்தினீங்கள்.”

“நீ பிந்தி வந்தனீ.”

ஒட்டோவிடம் போய், அந்தச் சரணத்தை எடுத்துவிடச் சொன்னேன். உடனே சரி என்றார். வாதாடவே இல்லை. அதுவும் பிடிக்கவில்லை.

நவம்பர் 7, வெள்ளி
காற்று. பூச்சாடி உடைந்தது.

தபால் பெட்டியில் புதிய சரணம். நான் ரோஜாவாம். விடிவெள்ளியாம்.

ஜெனி தொலைபேசியில்: “இது அந்தப் பல்வைத்தியரின்ர மனுசிக்குப் பாடினதெல்லே? பேரை மட்டும் மாத்தியிருக்கிறார்.”

ஓம். அதே ரோஜா. அந்த அம்மாவை ஒருவருக்கும் பிடிக்காது.

ஒட்டோ குப்பைப் பெட்டியை இழுத்துக்கொண்டு போனார். நிறுத்திக் கேட்டேன். அவர் ஊரில் வேண்டியவர்களைத்தான் பாட்டில் கேலி செய்வார்களாம். மற்றவர்களுக்கு ரோஜா. “நீங்கள் ரோஜா கேட்டீர்கள்” என்றார், பெட்டியின் சில்லைப் பார்த்தபடி.

ஜெனியின் அப்பா இருந்தவரை தினமும் என்மேல் ஒரு பகிடி. போனபிறகு எல்லோரும் எனக்கு மரியாதை மட்டும்தான்.

நவம்பர் 8, சனி
உறைபனி. கேக் நன்றாக வந்தது, ஓரம் தவிர.

மதியம் ஒட்டோ நூலகத்தில் பாட்டைப் பிரதி எடுக்கப் போகிறார். நேரில் போகமாட்டேன், ராணி யன்னலில் பார்த்து ஊரெல்லாம் சொல்வாள். அவர் தபால் பெட்டியில் கடிதம் போட்டேன். நகல்:

வாத்தைத் திரும்பப் போடவும். கொத்துவது இருக்கலாம். கோப்பைகளை மறுபடி கழுவுவது அவை அழுக்காக இருப்பதால். அதையும் பாட்டில் சேர்க்கவும். மூன்றாம் தட்டில் படுக்க வேண்டாம். வாத்து உண்டா, இல்லையா? பிரதி எடுக்கப் போகுமுன் எழுத்தில் பதில் தரவும்.