சமையலறையில் உருக்கிய ஈயம்

மோன்டானா
நவம்பர் 9

அன்புள்ள ட்வைலாவுக்கு, உன் சித்தப்பா டோர்சி எழுதிக்கொள்வது.

இது இப்படித்தான் வந்து முடியும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். துப்பாக்கிக் குண்டு வார்க்க வீட்டுக்குள் ஈயம் உருக்கினால் குழந்தைக்கு ஆகாது என்றேன். நீ கோபித்துக்கொண்டு போர்ட்லாண்டுக்குப் போய்விடுவாய் என்றேன். அந்தக் கவலையே உன் அப்பாவைப் படுக்கையில் தள்ளும் என்றும் சொன்னேன். ஒன்பதாம் வகுப்பு தாண்டாதவன் பேச்சை யார் கேட்கிறார்கள்?

விஷயம் இதுதான். அண்ணனுக்கு இதயம் பாதிகூட வேலை செய்யவில்லையாம். மலையில் பனி உருகும்வரை தாங்குவது சிரமம் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவருக்கு உன்னையும் பேத்தி ஜூனியையும் ஒரு தடவை பார்க்கவேண்டும். வாய்விட்டுக் கேட்கமாட்டார். அதனால் நான் கேட்கிறேன்.

மற்றபடி நான் நலம். போன மாதம் ஒரு எல்க் மான் அடித்தேன். எழுநூறு அடி தூரம், எண்ணூறுகூட இருக்கும். ஒரே குண்டு. கொம்பு வாசலில் நுழையாமல் கதவையே கழற்றினோம். ஷெரீஃப் வந்து கை கொடுத்துவிட்டுப் போனார். கடைக் குண்டு இல்லை, நாங்கள் வார்த்ததில் மிச்சம் இருந்தது. ஈரலை வெங்காயம் போட்டு வதக்கி அண்ணனுக்குக் கொடுத்தேன். இரண்டு வாய் தின்றுவிட்டு, “டேய், இது ஈரலா இல்ல உன் பெருமையா? மெல்லவே முடியல” என்றார். சிரித்தார். அதற்கே மூச்சு வாங்கியது.

அவர் இப்போது குண்டு வார்ப்பதில்லை. நீ போன மறுநாளே சமையலறைத் தரைவிரிப்பைப் பெயர்த்து எறிந்தார். முழங்காலில் உட்கார்ந்து பலகைகளை மூன்று தடவை ஈரத்துணியால் துடைத்தார். உருக்கும் சட்டி, அச்சு, கரண்டி, டயர் கடைகளில் கேட்டு வாங்கிய, சக்கரத்தில் எடைக்கு மாட்டும் ஈயக்கட்டி ஒரு வாளி, எல்லாவற்றையும் கொட்டகையில் போட்டுப் பூட்டினார். முப்பது வருஷப் பழக்கம், ட்வைலா. சனிக்கிழமை வந்தால் சன்னல் ஓரம் உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்த் தன் ரத்தத்தில் ஈயம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவருவார். அந்தச் சீட்டைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டுவார். எட்டுச் சீட்டு ஆகிவிட்டது, எண் இறங்கிக்கொண்டே வருகிறது. யாருக்கு அண்ணே இதெல்லாம் என்றால், “யாராவது வந்தா கண்ணுல படட்டும்டா” என்பார். யார் வருகிறார்கள்? தபால்காரர்கூட ரோட்டோரப் பெட்டியோடு திரும்பிவிடுகிறார்.

ஜூனியின் ரத்தம் சரியாகிவிட்டது, பள்ளிக்கூடம் போகிறாள் என்று கிறிஸ்துமஸ் அட்டையில் ஒரு வரி எழுதியிருந்தாயே, அந்த அட்டை இன்னும் அவர் சட்டைப்பையில்தான் இருக்கிறது.

எல்க் விஷயத்தில் தூரத்தைக் கூட்டித்தான் எழுதினேன். ஷெரீஃபும் வரவில்லை. இனி எழுதுவதில் ஒன்றும் கூட்டவில்லை.

நீ போர்ட்லாண்டுக்குப் போகுமுன், அந்த ஜனவரியில் நீ உணவுக்கடை வேலைக்குப் போவாய், அண்ணன் மரமில்லுக்குப் போவார். ஜூனி என்னோடு இருப்பாள். துப்பாக்கி கிளப்பில் நான், சனிக்கிழமைக்குள் இருநூறு குண்டு வார்த்துக் காட்டுகிறேன், ஒன்றில்கூடச் சுருக்கம் இருக்காது என்று பீற்றிவிட்டு வந்திருந்தேன். கொட்டகையில் குளிர். அச்சு சூடேறவே இல்லை. குண்டெல்லாம் காய்ந்த திராட்சை மாதிரி விழுந்தது. அதனால் சட்டியைச் சமையலறை மேசைக்குக் கொண்டுவந்தேன். ஈயத்தின் மேல் மிதக்கும் சாம்பல் கசடை வழித்து ஒரு தகரத் தட்டில் வைத்தேன். தட்டு கவிழ்ந்தது. உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினேன், ஈயத்தூள் தரையெல்லாம் பரவியது. ஜூனி அதே தரையில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். இரண்டு வயது. விழுந்த துண்டைப் பொறுக்கி வாயில் போட்டாள். அந்த ஒரு நாளோடும் நிற்கவில்லை, மூன்று வாரம் அங்கேதான் வார்த்தேன். அண்ணன் வருமுன் எடுத்து வைத்துவிடுவேன்.

ஜூனியின் ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு வந்து நீ, “வீட்டுக்குள்ள யாருப்பா உருக்கினது?” என்று கத்தினாய். அவர் என் முகத்தைப் பார்த்தார். “நான்தாம்மா” என்றார். நான் காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தேன்.

அப்புறம் என்னிடம் சொன்னார்: “அவ என் பொண்ணு. என்மேல கோவிச்சா என்னைக்காவது திரும்பி வருவா. நீன்னு தெரிஞ்சா உன்னை இங்க விடவே மாட்டா. உனக்குப் போக வேற வீடு ஏதுடா?”

நான்கு வருஷமாக நான் இந்த வீட்டில் இருக்கிறேன். நீ வரவில்லை.

வா, அம்மா. கோபத்தோடே வா, அதை என்மேல் இறக்கு. நான் கொல்லைப்பக்கம் பழைய டிரெய்லர் வண்டியில் இருப்பேன், கூப்பிட்டால்தான் வெளியே வருவேன். அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, உருக்கியது நீ இல்லை என்று தெரியும் அப்பா என்று ஒரு வார்த்தை சொல். குளிர்பெட்டிக் கதவில் உள்ள எண்களை ஜூனி சத்தமாகப் படிக்கட்டும், அவர் காதில் விழுகிற மாதிரி. அவள் நூறு வயது இருக்கட்டும்.

‘அன்றைக்கே சொன்னேன்’ என்ற முதல் வரியை அடித்துவிட நினைத்தேன். அடிக்கவில்லை, நீ பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். அன்றைக்கு நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

உன் சித்தப்பா
டோர்சி