முந்திரி இலையில் கிளிப் மாட்டியவர்

மரக்காணம்
12.6.2005

அன்புள்ள மகன் அறிவழகனுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், மஸ்கட் வெயிலில் நீ தலைக்குத் துணி கட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறாய் என்று நம்புகிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, சுனாமிக்குப் பிறகு கடலைப் பார்த்தால் வரும் பயம்தான் இன்னும் குறையவில்லை. சாலையோர நிலத்துக்கெல்லாம் ஆள் மேல் ஆள் வந்து விலை கேட்கிறார்கள், கூனிமேடு வரைக்கும் மனை பிரித்துக் கல் நட்டாகிவிட்டது.

போன வாரம் சகாயராஜ் என்று ஒரு இளைஞர் வந்தார். மர இலைகளை ஆராய்ச்சி செய்கிறாராம், உன் பெயரில் எழுதி வைத்த முந்திரித் தோப்பைப் பார்க்கவேண்டும் என்றார். நான் அறிவியல் வாத்தியார் இல்லையா, இலை என்றதும் நானே அழைத்துப் போனேன். ஒரு இலையில் கிளிப் போன்ற கருவியை மாட்டினார், பிறகு அந்த இலைப் பக்கம் திரும்பவே இல்லை, எல்லைக் கல்லையும் தார் ரோட்டையுமே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உறுத்தியது. வெளிச்சம் பட்டால் இலைத்துளை என்ன ஆகும் என்று கேட்டேன், திறக்கும் என்றார், சரி. சுற்றிலும் கரியமில வாயு அதிகமானால் என்றேன். "இன்னும் நல்லா தொறக்கும் சார், சோறு வந்தா எவனாவது வாயை மூடுவானா?" என்று சிரித்தார். உப்பளத்தில் நீ பார்த்திருக்கிறாய், பாத்திக்கு வேண்டிய தண்ணீர் வந்ததும் மடையை மண் வைத்து அடைப்பார்கள். இலையும் அப்படித்தான். வெளிச்சத்தில் உள்ளே இருக்கும் வாயு செலவாகிவிடும், அதனால் துளை திறக்கும். வெளியே வாயு தாராளமாக இருந்தால் துளையைக் குறுக்கிக்கொள்ளும், அகலத் திறந்து வைத்தால் உள்ளிருக்கும் தண்ணீர் ஆவியாகிப் போய்விடுமே. இதை ஆராய வந்தவருக்கே இது தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா மோர் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, "இஞ்சி போட்ட மோரு, அறிவு அண்ணனுக்கு உயிராச்சேம்மா" என்றார். நாங்கள் அதுவரை உன் பெயரையே எடுக்கவில்லை, அறிவு என்று உன்னைக் கூப்பிடுவதும் வீட்டில் மட்டும்தான். அவர் போனதும் அம்மாவைப் பார்த்தேன். "நம்ம புள்ள ஆள் உட்டு நெலத்தப் பாப்பானாங்க? போங்க நீங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள். ஆனால் அன்றிலிருந்து மோரில் இஞ்சி போடுவதில்லை.

நீ அனுப்பாத ஆள் என்றால் யார் நீட்டும் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதே. நீதான் அனுப்பினாய் என்றால், விற்கவேண்டும் என்று நீயே என்னிடம் கேள், சம்மதிப்பேனா தெரியாது, கோபிக்க மாட்டேன். வேளைக்குச் சாப்பிடு, நோய்நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்கவேண்டும். இதற்குப் பதிலைப் போனில் சொல்லாதே, அம்மா பக்கத்தில் நின்று கேட்பாள். எனக்கு மட்டும் எழுது.

உன் நலம் நாடும் அப்பா,
சுப்ராயன்