மேட்டுக்கு அப்பால் ஒரு வெடி

செப்டம்பர் 12

விடிந்ததும் புல்வெளியில் ஒன்பது மான்கள். காபியை அடுப்பில் ஏற்றும்போது மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வெடி. ஒன்பது தலைகளும் ஒன்றாக நிமிர்ந்தன. காதுகள் மட்டும் முன்னும் பின்னும் திரும்பின. கிழட்டுப் பெண்மான் சற்றுக் கேட்டுவிட்டு மறுபடி புல்லில் வாய் வைத்தது. தூரத்து வெடி என்று அதற்குத் தெரிந்துவிட்டது. மற்றவையும் குனிந்தன.

நான்தான் அப்படியே நின்றேன். ஒரே வெடி, இரண்டாவது இல்லை. ஒரே குண்டில் முடிப்பவன் காஷ்பர்தான். என் தம்பி நன்றாகத்தான் இருக்கிறான்.

செப்டம்பர் 13

வெடி இல்லை.

செப்டம்பர் 20

முட்டை வாங்க வந்த நெஷ்கா சொன்னாள்: "ஒரு மேட்டைத் தாண்ட உனக்கு பாஸ்போர்ட் வேணுமாடி?"

சிரித்து வைத்தேன். மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் காஷ்பரோடு பேசி நாலு வருஷம் ஆகிறது. அவன் மூன்று வருஷம் காத்திருந்த கலைமான், வேட்டைச் சங்கத்து ஆட்கள் எல்லாரும் பார்க்க, அவன் குறிக்கு வந்து நின்றது. நான் கைதட்டி விரட்டினேன். ஏன் தட்டினேன்? அவ்வளவு அழகாக நின்றது, அதனால்தான். "இனி உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்று போனவன்.

போகலாம். கதவைத் திறந்து, பார்த்துவிட்டு, மூடிவிட்டான் என்றால்?

செப்டம்பர் 29

காலையில் மிக அருகில் வெடி, உடனே இன்னொன்று. சத்தம் பாறையில் மோதித் திரும்பியதில் பெண்மான்களுக்குத் திசை தெரியவில்லை. துப்பாக்கி இருந்த பக்கமே ஓடின. அவற்றோடு மேய்ந்த கலைமான் மட்டும் ஓடவில்லை. முதுகு கூனியது, தலை தொங்கியது, மெல்ல ஓடைப் பக்கம் நடந்து போனது.

கால் மணி நேரத்தில் வேலிக்கு வெளியே காஷ்பர். தாடி நரைத்திருந்தது.

"உள்ள வரல. சுட்டப்ப அது எப்படி நின்னுச்சு? அத மட்டும் சொல்லு."

சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டான். "வயித்துல பட்டிருக்கு. இப்பப் பின்னாடி போனா செத்துச் செத்து ஓடும். படுக்க விடணும்."

நாலு மணி நேரம் வேலியோரமே நின்றான். நான் கொண்டுபோன காபியைக் குடித்தான். பிறகு இருவரும் போனோம். ஓடைக்கரைப் புதரில் படுத்திருந்தது, காது எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. எழவில்லை. ஒரு வெடியில் முடித்தான்.

"குறி தப்புதுக்கா. இதோட விட்டுர்றேன். இனி சுட மாட்டேன்."

"அப்ப நீ இருக்கியா இல்லையான்னு நான் எப்படிடா தெரிஞ்சுக்கறது?"

வாயிலிருந்து வந்துவிட்டது. அவன் துப்பாக்கியைக் கீழே வைத்தான். பிறகு மானின் கண்களை மூடினான்.

அக்டோபர் 3

ஒன்றுமில்லை. மழை.

அக்டோபர் 6, ஞாயிறு

பீன்ஸும் பார்லியும் போட்டு ரிச்செத் கஞ்சி வைத்தேன், அவனுக்கும் சேர்த்து வைத்த காலத்துப் பழக்கதோஷத்தில் பெரிய பானையில். பன்னிரண்டு மணிக்குக் கதவைத் தட்டாமல் வந்தான். பூட்ஸைக் கழற்றி அடுப்புப் பக்கம் வைத்துவிட்டு உட்கார்ந்தான். இரண்டு கரண்டி சாப்பிட்டான்.

"உப்பு ஜாஸ்தி" என்றான். தட்டைக் காலி செய்து மறுபடி நீட்டினான்.