தாய்மாமன் மூலையில் நின்ற பேனர்

பழங்காநத்தம், மதுரை
ஞாயிற்றுக்கிழமை

அன்பு அழகுராஜாவுக்கு மைக்கேல்ராஜ் எழுதுவது.

நலமா என்று கேட்பதுதான் முறை. நீ நலமாக இருப்பதைக் கல்லூரி மேடையில் நீ பேசியபோதே பார்த்துவிட்டேன். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். உன் போன் நம்பர் என் மகள் ஐரினிடம் இருக்கிறது. கேட்டால் எதற்கு என்பாள். அதனால்தான் கடிதம்.

கம்பெனிகளைத் தொடங்கி, வளர்த்து, விற்ற கதையை நன்றாகச் சொன்னாய். முதல் கதையே நம் பேனர் கம்பெனி. ஆனால் பாதியைத்தான் சொன்னாய். பேரையூர் காதுகுத்துக்கு, பேனர் வடிவமைக்க நாம் எழுதிய சாப்ட்வேர் எல்லார் படத்தையும் அகரவரிசையில் அடுக்கிவிட்டது. சித்தப்பா அருள்பாண்டி உச்சியில் சிரிக்க, தாய்மாமன் பேயாண்டி கீழே மூலையில் கிடந்தார். சீர்த்தட்டோடு வந்தவர் பேனரைப் பார்த்ததும், “எங்க அக்கா பிள்ளைக்கு நான் மூலையிலயா நிக்கணும்? வண்டியத் திருப்புங்கடா” என்றார். மொட்டையடித்த பிள்ளை, உட்கார மாமன் மடியில்லாமல் அழுதுகொண்டிருந்தது.

அவனியாபுரம் அச்சகத்துக்குப் பைக்கில் பறந்துபோய்ப் புதிதாக அடித்துக்கொண்டு திரும்பினோமே, அதை நீ மேடையில் சொல்லவில்லை. ஈரம் காயாத பேனர் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலிருந்து கத்தினாய்: “மாப்ள, ஆடாம ஓட்டுடா, தாய்மாமன் மடங்கிருவாரு!” சிரித்ததில் வண்டி இன்னும் ஆடியது. கோயில் கோபுரமே மறையும் அளவுக்குத் தன் படத்தைப் பார்த்த பிறகுதான் பேயாண்டி மடியை விரித்தார். “இம்புட்டு போதும்யா” என்று நம்மை முதல் பந்தியில் உட்கார வைத்தார். அந்தக் கறிச்சோற்றின் ருசி பிறகு எங்கும் வாய்க்கவில்லை.

அன்று சாயங்காலமே ‘தாய்மாமன் யார்?’ என்பதைச் சாப்ட்வேரில் முதல் கேள்வியாகச் சேர்த்தவன் நான். “யாருக்குக் கோபம் வரக்கூடாது என்று முதலில் கேளுங்கள், நான் கண்டுபிடித்த முதல் பாடம் அது” என்று மேடையில் நீ சொன்னதும் பிள்ளைகள் கைதட்டினார்கள். போகட்டும்.

இரண்டாவது பாடம்தான் என்னை எழுத வைக்கிறது. கையெழுத்தாகும்வரை விற்பனையைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடாதே என்றாய். உன் பெயரிலிருந்த நம் கம்பெனி கைமாறிய அன்று, நான் கடை திறக்க வந்தபோது ஏணியில் நின்று ஒருவன் நம் போர்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். “சார், வித்தாச்சாமே, தெரியாதா?” என்றான். என் பங்கை நீ குறைக்கவில்லை. அதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த ஏணிக்காரன் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

ஐரினும் அவள் தோழி பவதாரிணியும் நடத்தும் உதிரிபாகக் கம்பெனியை நீ வாங்கப்போவது எனக்குத் தெரியும். பவதாரிணிக்குத் தெரியாது. கம்பெனி ஐரின் பெயரில் இருக்கிறது. தோழியிடம் சொல்லச் சொன்னேன். “அழகுராஜா அங்கிள் பேசினதக் கேட்டீங்கல்ல? நீங்க பழசையே மென்னுக்கிட்டு இருங்கப்பா” என்றாள்.

நேற்று பவதாரிணி எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டாள். ஐரின் அவள் முகத்தைப் பார்க்காமல் மீன்குழம்பு ஊற்றினாள். அந்தப் பெண் என்னிடம், “அடுத்த மாசம் புது போர்டு மாட்டப் போறோம் அங்கிள், கலர் நீங்க சொல்லுங்க” என்றாள். நீலம் என்றேன். வேறென்ன சொல்வது?

எனக்காக எதுவும் கேட்கவில்லை. கையெழுத்துக்கு முன் இரண்டு பேரையும் எதிரே உட்கார வைத்து, நீயே சொல். நான் சொல்லச் சொன்னேன் என்று மட்டும் சொல்லிவிடாதே, ஐரின் கேட்கமாட்டாள். உன் பாடமாகச் சொன்னால் கேட்பாள். இதையும் நீயே கண்டுபிடித்ததாக இருக்கட்டும். கடைசி வரிசையில் நின்று நானும் கைதட்டுகிறேன்.

உன் வீட்டாரை மாதா காக்கட்டும். அந்த வண்டி இன்னும் ஓடுகிறது, மாப்ள. பின்னால் ஆள் இல்லாததால் ஆடுவதில்லை.

இப்படிக்கு,
மைக்கேல்ராஜ்