ரெண்டு குரல்ல ஒண்ணு

அந்தக் குருவி நல்லாப் பாடுதா சித்தின்னு நீ ஒவ்வொரு தடவ கேக்கும்போதும் பாடுது பாடுதுன்னு சொன்னேன்ல யுவராணி, அது பாதிதான் உண்மை ஆத்தா. வீடியோ கால்ல உன் மொகத்தப் பாத்துக்கிட்டு மீதியச் சொல்ல வாய் வரல, அதான் பேப்பர எடுத்துட்டேன். வீரபாண்டி கௌமாரி புண்ணியத்துல இங்கன எல்லாரும் சொகமாத்தான் இருக்கோம், உங்க சித்தப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்ல, அந்த ஜெர்மனிக் குளிருல நீ காதையும் காலையும் மூடிக்கிட்டு சொகமா இருக்கணும்னு வெளக்குப் பொருத்தயில உம்பேரத்தான் மொதல்ல சொல்றேன். சித்திரைத் திருவிழாவுக்குத் தீச்சட்டி எடுத்தேன், எம்மக ஜோதிகா கூடவே வந்து வழியெல்லாம் என் காலுக்குத் தண்ணி ஊத்திக்கிட்டே வந்தா, உனக்கும் சேத்துத்தான் வேண்டுனேன். ஆனா வேண்டுற வாயிக்கு அன்னைக்கு ஒரு கூச்சம் இருந்துச்சு.

நீ பொறப்படும்போது ஒண்ணே ஒண்ணுதான் கேட்ட. அந்தக் குண்டுக்கரிச்சான் குருவி குஞ்சு பொரிச்சுப் பறக்குற மட்டும் நம்ம திராட்சைப் பந்தல்ல வலை கட்டாதீக சித்தின்னு. நானும் சாமி படத்துக்கு முன்னால நின்னு சரின்னேன். பழம் நெறம் மாறவும் கிளி வந்துருச்சு ஆத்தா, கூட்டம் கூட்டமா. சுத்தி எல்லாத் தோட்டத்துலயும் வலை ஏறிருச்சு, நம்ம தோட்டம் மட்டும் அதுகளுக்குப் பந்தி மாதிரி கெடந்துச்சு. உங்க சித்தப்பா கூடப் பொறு பொறுன்னுதான் சொன்னாக, பிள்ளைக்கு வாக்குக் குடுத்திருக்கியே, கிளி தின்னது போக நமக்கு எதாச்சும் மிஞ்சும்னு சிரிச்சாக. நான்தான் அவுகள ஏணியில ஏத்திவிட்டு வலையக் கட்டவச்சேன். கரிச்சான் பழம் திங்காது, புழுப்பூச்சிதான் திங்கும்னு நீ சொன்னது எனக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு. பழமே திங்காதது வலைக்கு எதுக்கு வரப்போகுதுன்னு நானா ஒரு கணக்குப் போட்டேன். தண்ணி பாச்சுன ஈரத்துல புழுப் பொறுக்க அது பந்தலுக்கு அடியிலதான் போகும்னு இந்த மண்டைக்கு ஒறைக்கல.

காலையில பூசைக்குப் பூப்பறிக்கப் போனவ பாக்குறேன், கரிச்சான் வலையில தலகீழாத் தொங்குது, கழுத்தச் சுத்தி நைலான் நூலு. நான் கிட்டப் போகவும் ஒரு கத்து கத்துச்சு பாரு. கத்திரிக்கோல் வீட்டுல இருக்கு, போயி எடுத்துட்டு வாறதுக்குள்ள உசுரு போயிருமேன்னு முருகா முருகான்னு கையாலயே நூலப் பிடிச்சு இழுத்தேன். அத்துக்கிட்டு வந்துச்சு, மறுபடியும் கத்திக்கிட்டே பறந்துருச்சு. பொழச்சதேன்னு சுருளி வேலப்பருக்குத் தேங்கா ஒடச்சேன்.

பொறவுதான் பாட்டக் கேட்டேன். ஜோதிகா மக பொறந்தநாளைக்கு நீ ரெண்டு பலூன ஊதி, ஆளுக்கொரு பலூன் வாய இழுத்துப் பிடிச்சுக் கீச்சுன்னு கத்தவச்சியே, சித்தி நமக்குத் தொண்டையில ஒரு பலூன்தான், குருவிக்கு மூச்சுக்கொழா நெஞ்சுக்குள்ள ரெண்டாப் பிரியுற எடத்துல பக்கத்துக்கு ஒண்ணு இருக்கு, காத்து போகயில ஒவ்வொரு பக்கத்துச் சவ்வும் தனியா அதுருது, கழுத்து வழியா எறங்குற தனித்தனி நரம்பு வேற, அதான் ஒரே மூச்சுல ரெண்டு குரல் வருதுன்னு சொன்னியே. இப்ப அதுல ஒரு பலூன் செத்துப்போச்சு ஆத்தா. கீழ்ச்சத்தம் வருது. மேல்சத்தம் வரவேண்டிய எடத்துல வாயத் தொறக்குது, நெஞ்சு ஆடுது, வெறுங்காத்துத்தான் போகுது. எடையில எடையில பாட்டு ஓட்டை ஓட்டையா இருக்கு. முருங்கை மரத்துல வேற ஒருத்தன் வந்து உக்காந்து முழுப்பாட்டுப் பாடுறான், பொட்டையும் அங்கனதான் போகுது. நம்மவன் கொய்யாவுக்கு ஒதுங்கிட்டான். நூலு இறுக்குனதுல போச்சா, நான் வெடுக்குன்னு இழுத்ததுல போச்சான்னு அந்த முருகனுக்குத்தான் தெரியும். அத நெனச்சா சோறு எறங்கல.

அது பாட்ட வச்சுத்தான நீ படிப்ப முடிக்கணும். நீ சொல்லிக்குடுத்தபடி, பாட்டப் பதியுறதுக்கு நீ வச்சுட்டுப் போன மிஷின்ல இருந்து கார்டக் கழட்டி இதுக்குள்ள வச்சிருக்கேன். கடைசியில இருக்குறது அடிபட்டதோட பாட்டு, அத நல்ல குருவிப் பாட்டுன்னு நெனச்சு எழுதிறாத. உங்க சாரு கேட்டா சித்திதான் காரணம்னு எம்பேரச் சொல்லு, எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. வலையப் பிரிச்சு மூட்டையாக் கட்டிட்டேன், கிளி தின்னுட்டுப் போகட்டும்.

கோவத்துல பட்டினி கெடக்காத, எண்ண தேச்சுக் குளி, பொட்டலத்துல இருக்குற துன்னூற மறக்காம நெத்தியில வையி. நீ தொட்டதெல்லாம் தொலங்கி நூறு வருசம் நல்லா இருக்கணும்.

சுருளிப்பட்டியில இருந்து உன்ன வளத்த சித்தி
சந்தனம்மாள்

கவர ஒட்டப்போகயிலதான் ஞாபகம் வருது. நான் நூல இழுக்குறதுக்கு முன்னால ஒரு கத்து, இழுத்தப்பொறவு ஒரு கத்துன்னு எழுதியிருக்கேன்ல, எதுல ரெண்டு குரல் இருந்துச்சுன்னு நீ காதால கேட்டே சொல்லிருவ. உன் மிஷினு அந்தப் பந்தக்காலுலதான் தொங்குச்சு ஆத்தா, செவப்பு லைட்டு எரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு.