சுருதி சேரலை

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா, இல்லை சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறாரா? நான் நன்றாக இருக்கிறேன்.

நான் பாடினால் நீ அடுப்படிக் கதவைச் சாத்துவாயே, அந்தக் குரல் நேற்று ஜெயித்துவிட்டது. என்னிடம் பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பாட்டு வாத்தியார் வருகிறார். மாடிப்படியில் விழுந்து தலையில் அடிபட்டதிலிருந்து அவருக்குப் பேச்சே இல்லை. பேச வராத சொல், சிலருக்குப் பாட்டாக வந்துவிடும். அதனால் அவர் இடது கையைப் பிடித்து மேசையில் தாளம் தட்டியபடி, "தண்ணி வேணும்" என்று ராகம் போட்டுப் பாடுவேன். அவர் கூடவே பாட வேண்டும். வாரக்கணக்கில் வாயே திறக்கவில்லை. இந்த வாரத்தோடு நிறுத்திவிடலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

நேற்றும் பாடினேன். முகத்தைச் சுளித்துக் கையை உதறினார். பிறகு தானே தாளம் தட்டி, அதே மெட்டில், அப்பழுக்கில்லாமல் பாடினார்: "சுருதி சேரலை."

வாசலில் இருந்த அவர் மனைவி ஓடி வந்து, "பேசுனாரா?" என்றார்.

"என்னைத் திட்டுனாரும்மா."

"அப்ப அவரேதான்," என்று அழுதுகொண்டே சிரித்தார்.

பயிற்சி தொடர்கிறது. டாக்டரே சொல்லிவிட்டார்.

ஒரு உதவி செய். "பாடாதடி, காது வலிக்குது" என்று நீ திட்டுவதை போனில் பதிவு செய்து அனுப்பு. இங்கே என்னை உரிமையோடு திட்ட வாத்தியார் ஒருவர்தான் இருக்கிறார். அவருக்கும் இரண்டு வார்த்தைதான் வருகிறது.

வாத்தியார் வந்துவிட்டார், ஓடுகிறேன்.

உன் சுருதி சேராத மகள்